ராசாவின் தலை ஏன் ஆடியது?

ரொம்பக் காலத்துக்கு முன்னால், ஏரிகள் நிறைந்த ஆம்பல்நாட்டை முடியழகர் என்று ஒரு ராசா ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் தன்னால் ஒன்று முடியவில்லை என்று மட்டும் அவர் வாய் சொல்லாது.

ஒரு நாள் பக்கத்து நாட்டுத் தூதர் சபைக்கு வந்தார். ராசாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கிற மருக்கொழுந்து ஒரு வெற்றிலையை நீட்டினாள். ராசா அதை வாயில் போட்டு மென்றார்.

அந்த நேரம் பார்த்துத் தூதர் கேட்டார்: "ராசா, எல்லையில் இருக்கிற உங்கள் பெரிய ஏரியை எங்களுக்கே விட்டுத் தருவீர்களா?"

ராசா கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். தலை மேலும் கீழும் ஆடியது. ஆடியது, நிற்கவே இல்லை.

"அழுதுகொண்டே தருகிறாரே, என்ன மனசு!" என்றார் தூதர்.

மந்திரி நல்லண்ணர் பதறி எழுந்தார். அவரைக் கண்டாலே ஆகாத தளபதி வச்சிரபாகு, "உட்காருமய்யா! ராசா தலையசைப்புக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். தந்தேன் என்கிறார்" என்றார்.

ராசா தண்ணீர் வேண்டுமென்று கையை ஆட்டினார்.

"இப்போதே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்!" என்றார் தளபதி.

எப்படியோ யாரோ ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்த பிறகுதான் ராசாவுக்குப் பேச்சு வந்தது.

"தூதர் ஏன் கும்பிடுகிறார்?"

"ஏரி தந்ததற்கு, ராசா" என்றார் தளபதி.

"யார் தந்தது?"

"நீங்கள்தான்."

"நானா! எப்போது?"

"இப்போதுதான்."

ராசா தளபதியைப் பார்த்தார். தளபதி மந்திரியைப் பார்த்தார். "ராசா, இந்த மந்திரி ஏதோ மருந்து வைத்து உங்கள் தலையை ஆட்டிவிட்டார்!"

"கட்டுங்கள் மந்திரியை!" என்றார் ராசா.

காவலர் கயிற்றோடு வந்தார்கள். மருக்கொழுந்து கயிற்றைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் வேலை போகும், தலையும் போகலாம். மூடிக்கொண்டிருந்தால் பாவம், மந்திரி போவார். ஓடிப்போய் ராசா காலில் விழுந்தாள்.

"தப்பு என்னோடது, ராசா. குழந்தைக்குப் பல்லு முளைக்குது. ரெண்டு பேருக்கும் தூக்கமில்லை. சுண்ணாம்பு தடவினேனா இல்லையான்னே தெரியாம, திரும்பவும் அப்பிட்டேன். உங்க நாக்கு வெந்துபோச்சு. அதான் தலை ஆடிச்சு."

ராசா உதட்டைத் தொட்டுக்கொண்டார்.

தூதர் சிரித்தார். "ஒரு வெற்றிலைக்கு யார் தலையாவது ஆடுமா? எனக்கு எவ்வளவு சுண்ணாம்பு வைத்தாலும் புருவம்கூட அசையாது. ராசா தலை ஆடினால் ஆடினதுதான்!"

"சரியாகச் சொன்னீர்கள்" என்றார் மந்திரி. "போகும்போது ஒரு வெற்றிலை போட்டுக்கொள்ளுங்கள். அம்மா மருக்கொழுந்து, முன்னே செய்த அதே தப்பை இப்போது தப்பில்லாமல் செய்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "சாமி, சுண்ணாம்பு கூடினா தப்பா, குறைஞ்சா தப்பா?"

"முன்னே அப்பின மாதிரியே அப்பு, தாயி."

மடித்தாள். தூதர் மார்பை நிமிர்த்திக்கொண்டு மென்றார். மந்திரி மெதுவாகக் கேட்டார்: "அந்த ஏரி உங்களுக்கு வேண்டாம்தானே?"

தூதர் கண்ணில் தண்ணீர். தலை செக்குமாட்டுத் தலை போல மேலும் கீழும் ஆடியது.

"தளபதி," என்றார் ராசா, "தலையசைப்புக்கு அர்த்தம் தெரிந்தவர் நீர்தானே? இதற்கு அர்த்தம் சொல்லும்."

தளபதிக்குத் தன் தலையை மேலும் கீழும் ஆட்டுவதா, பக்கவாட்டில் ஆட்டுவதா என்று தெரியவில்லை. கழுத்து பிடித்துக்கொண்டவர் போல நின்றார். ஏரிப் பேச்சும் அதோடு முடிந்தது.

"மந்திரியாரே," என்றார் ராசா, "உம்மைக் கட்டச் சொன்னதற்கு என் கழுத்து மாலையை வைத்துக்கொள்ளும். மருக்கொழுந்து, நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு. உன் கூலி வீடு தேடி வரும். நீ வருகிறவரை தளபதி வெற்றிலை மடிப்பார்."

பிறகு ராசா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இன்னொரு தப்பும் இருக்கிறது. அது என்னுடையது. வாய் வெந்ததும் துப்பியிருக்கலாம். தூதர் முன்னால் வெட்கப்பட்டுக்கொண்டு மென்றேன்."

சபைக்கு ஒரே குழப்பம். ராசா என்ன சொன்னாலும் வாழ்க என்று கத்துவதுதான் அவர்கள் பழக்கம். தப்புச் செய்தேன் என்று சொன்னால் கத்துவதா, வேண்டாமா? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"இதற்குத்தானய்யா கத்த வேண்டும்!" என்றார் மந்திரி.