பன்னிரண்டுக்கு அரை ஆள் குறைவு

பஸ் நிற்கிற ஊரில் புத்தி உள்ளவர்கள் ஏறி எங்கேயாவது போய்விடுவார்கள். பூவரசங்காட்டில் பஸ் நிற்காது. ஆகவே அந்த ஊர்ப் புத்தி ஒரு பொட்டுகூட வெளியே போகாமல் ஊருக்குள்ளேயே பத்திரமாக இருந்தது.

ஏழே முக்கால் பஸ் தினமும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஊரைத் தாண்டிப் போகும். ஊர்க்காரர்கள் நிறுத்தச் சொல்லிக் கை காட்டுவார்கள். டிரைவரும் பதிலுக்குக் கை காட்டுவார். மரியாதை தெரிந்த மனுஷன் என்று அவருக்கு ஊரில் நல்ல பெயர்.

இப்படியே போய்க்கொண்டிருந்த ஊரில் செங்கமலத்துக்கு வேலை கிடைத்துவிட்டது. டவுனில் ஒரு பல் டாக்டருக்கு உதவியாளர். "ஒண்ணாம் தேதி, திங்கட்கிழமை, காலையில ஒன்பது மணிக்கு வந்துடணும். தினமும் ஒன்பதுன்னா ஒன்பது. லேட்டா வர்ற ஆளை நான் வெச்சுக்க மாட்டேன்" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அவளுக்கு அதுதான் முதல் வேலை. நீல கோட்டுகூடத் தைத்தாகிவிட்டது. டவுனுக்கு நடந்தால் இரண்டேகால் மணி நேரம். சீக்கிரமாகவே கிளம்பி நடக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அந்த யோசனை அதுவரை பூவரசங்காட்டில் யாருக்கும் வரவில்லை.

"பஸ்ஸை நிறுத்தணும். வேற வழியே இல்ல" என்றார் ஊர்த் தலைவர் அம்பலவாணன்.

செங்கமலம், தலைவர், டீக்கடை சன்னாசி, கோட்டுத் தைத்த டெய்லர் பிச்சைமணி என நாலு பேரும் டவுனுக்கு நடந்துபோய் பஸ் டிப்போ மேனேஜரைப் பார்த்தார்கள். அவர் நல்லவர்தான். "ஆறு நாள் கணக்கெடுங்க. தினமும் சராசரியா பன்னெண்டு பேர் ஏறுவாங்கன்னா நிறுத்தச் சொல்லிடறேன். சும்மா துண்டுச் சீட்டுல எழுதிக் கொண்டு வராதீங்க. கம்ப்யூட்டர்ல போட்டு, கிராஃபோட வேணும்" என்றார்.

அப்படித்தான் நாலு பேரும் டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில், புள்ளியியல் அடிப்படை வகுப்பில் சேர்ந்தார்கள்.

சொல்லிக் கொடுத்தவர் பெனிட்டா டீச்சர். பொறுமைசாலி. சாஃப்ட்வேரைத் திறந்து, "முதல்ல உங்க நாலு பேர் உயரத்தையும் ஒவ்வொரு கட்டத்துல போடுங்க" என்றார். பிச்சைமணி கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து எல்லாரையும் அளந்தார். தலைவர் 174. சன்னாசி 170. பிச்சைமணி 160. செங்கமலம் 152. டீச்சர் ஒரு பட்டனைத் தட்டினார். சராசரி 164 என்று வந்தது.

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கமலம், இதுல யாரு 164?" என்று சன்னாசி மெதுவாகக் கேட்டார்.

"நம்மள்ல யாரும் இல்லையே மாமா."

"நாம போட்டது நாலு பேரு. இது அஞ்சாவதா ஒரு ஆளைச் சொல்லுதே?"

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது" என்றார் தலைவர். "அந்த ஆள் இங்கதான் எங்கேயோ இருக்கான். நமக்குத்தான் தெரியல."

டீச்சர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் நாலு பேரையும் காணோம். கடைவீதியில் போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்திப் பிச்சைமணி அளந்துகொண்டிருந்தார். சட்டை தைக்க என்று நினைத்துச் சிலர் கைகளை நீட்டிக்கொண்டு நின்றார்கள். கடைசியில் கடலை வண்டிக்காரர் ஒருவர் அச்சுப் பிசகாமல் 164 இருந்தார். அவரை வண்டியோடு தள்ளிக்கொண்டு வந்து வகுப்பு வாசலில் நிறுத்தினார்கள்.

"டீச்சர், சராசரி வந்திருக்காரு" என்றாள் செங்கமலம், மூச்சு வாங்க.

டீச்சர் கால் கிலோ கடலை வாங்கிக்கொண்டு அவரை அனுப்பிவைத்தார்.

அடுத்த வகுப்பில் மாதிரி எடுப்பது எப்படி என்று பாடம். "ஊர் முழுக்கக் கேட்க வேண்டாம். பத்துப் பேரைக் கேட்டாப் போதும். ஆனா வேண்டியவங்க, வேண்டாதவங்கன்னு பார்க்காதீங்க. கண்ணை மூடிக்கிட்டு எடுக்கணும். கையில வந்தவங்களை மாத்தவும் கூடாது" என்றார் டீச்சர்.

மறுநாள் நாலு பேரும் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு ஊருக்குள் இறங்கினார்கள். தலைவர் முதலில் ஒரு கரண்ட் கம்பத்தைப் பிடித்தார். அதற்கு உயிர் இல்லை என்பதால் விவாதம் இல்லாமல் விட்டுவிட்டார்கள். மதியத்துக்குள் ஒன்பது பேர் சிக்கிவிட்டார்கள். பத்தாவதாகச் செங்கமலத்தின் கையில் சிக்கியது அய்யாவு வீட்டு எருமை.

"விட்டுட்டு வேற ஆளைப் பிடி புள்ள" என்றார் சன்னாசி.

"டீச்சர் மாத்தக் கூடாதுன்னாங்க மாமா."

"எருமை பஸ்ஸுல ஏறுமா?"

"அதை நாமளா முடிவு பண்ணலாமா? கேட்டாத்தானே தெரியும்?"

நியாயம்தான் என்று எல்லாருக்கும் பட்டது. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பஸ் நின்னா ஏறுவியா?" என்று கேட்டார். எருமை ஈயை விரட்டத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியது. செங்கமலம் சாயங்காலம் சாஃப்ட்வேரில் ஒழுங்காக ஏற்றினாள்: வயது ஐந்து, பெண், தொழில் பால், பதில் 'மாட்டேன்'.

"இந்தப் பத்தாவது அம்மா ஏன் மாட்டேன்னுட்டாங்க?" என்று டீச்சர் திரையைப் பார்த்துக் கேட்டார். அப்புறம் வயதைப் பார்த்தார். தொழிலையும் பார்த்தார்.

ஒண்ணாம் தேதிக்கு இன்னும் பதினாலு நாள். ஆறு நாள் கணக்கெடுப்பு ஆரம்பமானது. முதல் நாள் காலையில் நோட்டும் பென்சிலுமாக ரோட்டோரம் நின்றார்கள். பஸ் வந்தது. டிரைவர் கை காட்டினார். பஸ் போய்விட்டது.

"எத்தனை பேர் ஏறினாங்க?"

"ஒருத்தரும் இல்ல தலைவரே."

"அப்போ சைபர்னு எழுது."

செங்கமலத்துக்கு அழுகையே வந்துவிட்டது. "தினமும் சைபர்தான் வரும் பெரியப்பா. ஏறணும்னா பஸ் நிக்கணும். பஸ் நிக்கணும்னா ஏறணும். நான் வேலைக்குப் போன மாதிரிதான்!"

அன்று பூவரசங்காட்டில் நடந்த ஒரே புத்திசாலித்தனமான காரியத்தைச் சன்னாசி செய்தார், அதுவும் தெரியாமல். "ஏறினவங்களை விடு. டவுனுக்குப் போறேன்னு சொல்லிட்டு என் கடையில டீ குடிச்சு நின்னவங்க ஒன்பது பேரு" என்றார். அதை எழுதிக்கொண்டார்கள்.

சனிக்கிழமையோடு கணக்கு முடிந்தது. திங்கள் ஒன்பது, செவ்வாய் பதினாலு, புதன் பதினொண்ணு, வியாழன் பதிமூணு, வெள்ளி பத்து, சனி பன்னெண்டு. டவுனுக்கு நடந்துபோய் ஆறு கட்டத்திலும் போட்டு செங்கமலம் பட்டனைத் தட்டினாள். 11.5.

"அரை ஆள் குறையுது" என்றாள்.

"அரை ஆளுக்கு எங்க போறது?" என்றார் தலைவர். "முழு ஆள்னாலும் கெஞ்சிக் கூட்டிட்டு வரலாம்."

"ஒரு கால் மட்டும் படியில வெச்சு நின்னா அரை ஆள்தானே?" என்றார் சன்னாசி. "நான் தினமும் வந்து ஒரு கால் வைக்கிறேன்."

"எந்தக் கால் மாமா?"

"அதையும் சராசரி போட்டுத்தான் பார்க்கணும்."

பிச்சைமணி மட்டும் அச்சடித்து வந்த கிராஃபைத் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு நாளுக்கு ஆறு கட்டைகள், ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. முப்பது வருஷமாகத் தைக்கிற கைக்கு அதைப் பார்க்கப் பொறுக்குமா?

"மேல்பக்கம் ஏறி இறங்கிக் கெடக்கு கமலம். இப்படியே ஆபீசருக்குக் கொடுத்தா என் தொழிலுக்கே கேவலம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கத்திரியை எடுத்தார். நெட்டைக் கட்டைகளின் தலையை வெட்டிக் குட்டைக் கட்டைகளில் ஒட்டினார். செவ்வாயில் வெட்டியது திங்களுக்குச் சரியாக இருந்தது. வியாழனில் வெட்டியது வெள்ளிக்கு. சனியில் வெட்டியது புதனுக்கு. ஆறும் ஒரே மட்டமாக, பதினொன்றரையில் நின்றன. ஒரு துணுக்குக்கூட வீணாகவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மேனேஜர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "யாருய்யா இதை வெட்டி ஒட்டினது?"

"நான்தானுங்க. ஏறி இறங்கி இருந்துச்சு, நேர் பண்ணிட்டேன்."

"சராசரின்னா இதுதான்யா!" என்றார் மேனேஜர் ஆச்சரியமாக. அப்புறம் முகம் வாடிவிட்டது. "ஆனா பதினொன்றரைதான் வருது. நான் பன்னெண்டு சொல்லியிருந்தேனே?"

செங்கமலம் கோட்டு வைத்திருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். திங்கட்கிழமைக்கு நடுவில் இரண்டே நாள்.

"அரை ஆள்னா கால் இஞ்சுதானே சார்?" என்றார் பிச்சைமணி, கொஞ்சமும் அசராமல். "அடியில கால் இஞ்ச் மடிப்பு விட்டுத்தான் ஒட்டியிருக்கேன். வளர்ற பிள்ளைக்கு அப்படித்தான் தைப்போம். இது வளர்ற ஊரு." குனிந்து, நகத்தால் மடிப்பை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். ஆறு கட்டைகளும் ஒன்றாக எழுந்து பன்னிரண்டில் நின்றன.

மேனேஜர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, தண்ணீர் வந்த கண்ணோடேயே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

திங்கட்கிழமை ஏழே முக்கால். பூவரசங்காட்டில் பஸ் நின்றது. ஊரே கைதட்டியது. ரோட்டோரம் பத்தொன்பது பேர் காத்திருந்தார்கள். முன்னால் நீல கோட்டில் செங்கமலம். அவள் ஒரு காலைத் தூக்கிப் படியில் வைக்கப் போனாள். தலைவர் குறுக்கே கையை நீட்டினார்.

"யாரும் ஏறக் கூடாது. ஆர்டர்ல பன்னெண்டுன்னு இருக்கு. நிக்கிறது பத்தொன்பது."

"அதனால என்னய்யா? எல்லாரும் ஏறுங்க" என்றார் கண்டக்டர்.

"நல்லா இருக்கே! இன்னைக்கு பத்தொன்பது ஏறினா சராசரி என்னத்துக்கு ஆகும்? கையெழுத்துப் போட்ட மனுஷனுக்கு நாம துரோகம் பண்ணலாமா?"

"அப்போ ஏழு பேர் இறங்கணும்" என்றார் சன்னாசி.

"இன்னும் ஏறவே இல்லையே, எப்படி இறங்குறது?" என்றாள் செங்கமலம். அது நல்ல கேள்வியாக இருந்ததால் எல்லாரும் யோசித்தார்கள். முதலில் ஏழு பேரை ஏற்றி, பிறகு இறக்கிவிடலாம் என்று தீர்மானமானது. எந்த ஏழு பேர் என்று சீட்டுக் குலுக்கச் சன்னாசி கடைக்கு ஓடி டம்ளர் எடுத்து வந்தார். டம்ளர் வந்தபோது ரோட்டில் புழுதி மட்டும் இருந்தது.

செங்கமலம் நடந்தாள். நடக்கவில்லை, ஓடினாள். நடுவில் செருப்பு அறுந்ததால் மறுபடி நடந்தாள். பல் டாக்டர் வாசலில் கால் வைத்தபோது சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து.

"என்னம்மா சொன்னேன் உன்கிட்ட?" என்றார் டாக்டர். "ஒன்பதுன்னா ஒன்பதுன்னு சொன்னேனா இல்லையா? கோட்டைக் கழட்டி வெச்சுட்டுக் கிளம்பு."

கண் கலங்கிவிட்டது செங்கமலத்துக்கு. ஆனால் படித்த படிப்பு கைவிடுமா? சட்டென்று நிமிர்ந்தாள்.

"டாக்டர், இன்னைக்கு நான் பத்து மணிக்கு வந்தேன். நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடுறேன். சராசரி ஒன்பது."

டாக்டர் வாயைத் திறந்தார். உள்ளே மூன்று பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகினார்கள். "போய்க் கை கழுவிட்டு வா" என்றார்.

சொன்ன சொல் தவறாமல் செவ்வாய்க்கிழமை இருட்டோடு கிளம்பி நடந்து, சரியாக எட்டு மணிக்குப் போய், பூட்டியிருந்த கதவின் முன்னால் நின்றாள். பூட்டைத் திறக்க வந்த டாக்டருக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. அன்று முழுக்க அவள் பம்பரமாக வேலை செய்தாள். சாயங்காலம், "நல்ல பொண்ணும்மா நீ. இந்த வேலை உனக்குத்தான்" என்று சொல்லியும் அனுப்பினார்.

புதன்கிழமை ஒன்பதாயிற்று. பத்தாயிற்று. ஆளைக் காணோம். டாக்டர் ஒரு கையில் ஊசியும் ஒரு கையில் போனுமாகக் கூப்பிட்டார்.

"எங்கம்மா இருக்கே?"

"வீட்ல டாக்டர்."

"உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கேன் டாக்டர். பஸ்ஸு எட்டே காலுக்கே டவுன்ல விட்டுடுது, நடந்தா முன்னப்பின்ன ஆயிடுது. இப்ப சராசரி மிகச் சரியா ஒன்பதுல நிக்குது. நான் வந்து அதைக் கெடுத்துக்க வேண்டாம்னு தலைவர்கிட்டயும் கேட்டுத்தான் முடிவு பண்ணேன்."

"அப்போ இன்னைக்கு லீவுன்னு எழுதவா?" என்றார் டாக்டர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஐயையோ, லீவு போட்டா அந்தக் கட்டம் காலியாயிடும் டாக்டர்! அப்படி விடவே கூடாது. விவரம் இல்லாத கட்டத்துல சராசரியைப் போட்டு நிரப்பிடணும், அதுதான் கம்ப்யூட்டர் வகுப்புல சொன்ன முறை. இன்னைக்கு நான் ஒன்பது மணிக்கு வந்தேன்னு எழுதிக்கோங்க. நாளைக்கும் அதேதான்."

நாற்காலியில் படுத்திருந்தவர் திறந்த வாயோடு டாக்டரைப் பார்த்தார். டாக்டரும் திறந்த வாயோடு போனைப் பார்த்தார்.

பூவரசங்காட்டில் செங்கமலம் நீல கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு எழுந்து, அலுப்பாக இருக்கிறது என்று சோம்பல் முறித்தாள். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட, ஒரு நிமிஷம்கூட அவள் வேலைக்குத் தாமதமாகப் போனதில்லை.