வெயில் பாறை

காட்டோரத்து ஏரியின் நடுவில் ஒரே ஒரு பாறை இருந்தது. நீர்க்காகங்கள் அதை வெயில் பாறை என்று சொல்லும்.

மற்றப் பறவைகளுக்கு அது வெறும் கல். நீர்க்காகங்களுக்கு அதுதான் உயிர். தண்ணீருக்குள் முங்கி மீன் பிடித்து எழுந்தால் அவற்றின் இறகெல்லாம் ஊறிக் கனத்துவிடும். பாறையில் ஏறி, இரண்டு சிறகையும் அகல விரித்து, வெயிலில் காயவைத்தால்தான் மறுபடி பறக்க முடியும். கரையில் காயவைக்கலாமே என்றால், புதருக்குள் நரி இருக்கிறது. கூடு கட்டியிருக்கும் கருவேல மரத்தில் காயவைக்கலாமே என்றால், விரித்த சிறகை முள் கிழித்துவிடும்.

அஞ்சலை என்ற நீர்க்காகத்துக்கு அந்த மரத்தின் உச்சியில் மூன்று குஞ்சுகள். கண் திறந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

ஏரி முழுமைக்கும் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. போட்டியில் இரண்டு கட்சிகள். மேற்குக் கரைக்குத் தலைவர் பைவாயர் என்ற கூழைக்கடா. கிழக்குக் கரைக்குத் தலைவர் நெடுங்கழுத்தார் என்ற கொக்கு. அஞ்சலை மேற்குக் கரைக் கட்சி. அவளுடைய பெரியப்பா மகன் வேம்புலி கிழக்குக் கரைக் கட்சி. ஆனாலும் இரண்டு பேரும் ஒரே பாறையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றுதான் சிறகு காயவைப்பார்கள்.

ஒருநாள் காலை அப்படி நின்றபோது நெடுங்கழுத்தார் அந்தப் பக்கம் பறந்துபோனார். அன்றைக்கு அவருக்கு ஒரு கெண்டைக்குஞ்சுகூடக் கிடைக்கவில்லை.

"எப்படிக் கிடைக்கும்?" என்று கத்தினார். "விடிஞ்சதும் இந்தக் கறுப்புமூஞ்சிங்க முகத்துல முழிச்சா விளங்குமா? இதுங்க உட்கார்ந்து உட்கார்ந்து பாறையே கரியாப் போச்சு!"

ஏரி முழுக்கக் கேட்டது. அஞ்சலைக்கு நெஞ்சு பற்றி எரிந்தது.

அந்த ஏரியில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஒருவருடைய பிறப்பையோ நிறத்தையோ பழித்தால், பழிக்கப்பட்டவர் ஒரு காய்ந்த சுள்ளியைப் பழித்தவர் காலடியில் கொண்டுபோய்ப் போட வேண்டும். அப்புறம் இரண்டு கரையிலிருந்தும் கரைக்கு ஒருவராவது வந்து, "நான் கேட்டேன்" என்று சொல்ல வேண்டும். ஒரு கரைக்காரர்களே கூடிக்கொண்டு இன்னொரு கரைக்காரரைப் பொய்யாக மாட்டிவிடக் கூடாது என்பதற்காகப் பெரியவர்கள் வைத்த ஏற்பாடு அது. சொன்னது உண்மை என்றால், பழித்தவர் பொழுது சாயும்வரை அலகைச் சேற்றில் ஊன்றி நிற்க வேண்டும். பிறகு எந்தப் பதவிக்கும் வரக் கூடாது.

அஞ்சலை சுள்ளியைக் கொண்டுபோய்ப் போட்டாள்.

மேற்குக் கரையே திரண்டுவந்தது. "நான் கேட்டேன்!" "நானும் கேட்டேன்!" "என் காதாலேயே கேட்டேன்!" அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் அப்போது கூட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். பைவாயர் அஞ்சலையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அலகின் கீழே தொங்கும் பெரிய பை ததும்பும்படி அழுதார். "இவ என் தங்கச்சி! என் தங்கச்சியைக் கறுப்புன்னு சொல்ல இவர் யாரு?"

கிழக்குக் கரையிலிருந்து ஒருவரும் வரவில்லை.

அஞ்சலை வேம்புலியிடம் போனாள்.

"அண்ணே, நீ என் பக்கத்துலதானே நின்னே? சொல்லு, கேட்டேன்னு சொல்லு. ஒரு வார்த்தை போதும்."

வேம்புலி தன் அலகால் இறகைக் கோதிக்கொண்டே இருந்தான். "காத்து அடிச்சுது அஞ்சலை. எனக்குச் சரியா விழலை."

"காத்தா? ஒரு இலைகூட அசையலையே!"

"அவர் வாய்தான் அப்படி. மனசு வெள்ளை. பாவம், பசியில சொல்லியிருப்பார். இதைப் போய்ப் பெரிசு பண்றியே? தேர்தல் வருது இல்ல?"

"உன்னையும்தானே சேத்துச் சொன்னார்?"

"என்னைச் சொல்லலை. என்னை அவருக்கு நல்லாத் தெரியும்."

"தூ! உன் குஞ்சுங்க நாளைக்கு உன்னைக் கேட்கும் பாரு. மானங்கெட்டவனே!" என்றாள் அஞ்சலை.

சாட்சி இல்லாததால் சுள்ளி செல்லாமல் போயிற்று. நெடுங்கழுத்தார் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். ஆனால் பைவாயர் அதை விடவில்லை. போன இடமெல்லாம் அஞ்சலையைக் கூட்டிக்கொண்டு போனார். "பாருங்க இந்தப் பொண்ணை!" என்பார். அவள் தலைகுனிந்து நிற்பாள். எல்லாரும் உச்சுக் கொட்டுவார்கள். அது அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

தேர்தலுக்கு முதல் நாள் பைவாயர் வெயில் பாறையில் ஏறி நின்று பேசினார். நீர்க்காகங்கள் இறங்கித் தண்ணீரில் மிதந்தன. அஞ்சலை முதல் வரிசையில் இருந்தாள். இரண்டு கரைப் பறவைகளும் கூடியிருந்தன. நேரம் போகப் போகக் கூட்டம் சலித்தது. வாத்துகள் கொட்டாவி விட்டன. பைவாயருக்குக் கூட்டத்தைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று தோன்றியது.

"ஒண்ணு கேட்கிறேன். இந்த நீர்க்காகங்க தினமும் இங்க நின்னு காயுதுங்களே, எதுக்கு? வெளுத்துடலாம்னு ஆசை! ராத்திரியில மிச்சம் விழுந்த இருட்டைப் பிசைஞ்சு செஞ்ச பிறவிங்க. எத்தனை வெயில்ல போட்டாலும் அது வெளுக்குமா? வீணா ஒரு நல்ல பாறையை அடைச்சுக்கிட்டு!"

கூட்டம் இறக்கையை அடித்துச் சிரித்தது. அஞ்சலைக்குப் பக்கத்தில் இருந்த சிறகி வாத்து சிரித்துச் சிரித்துப் புரை ஏறி இருமியது.

பைவாயர் குனிந்து அஞ்சலையைப் பார்த்துக் கண்ணடித்தார். "உன்னைச் சொல்லலைம்மா. நீ நம்ம வீட்டுப் பொண்ணு."

அஞ்சலையும் சிரித்தாள். சிரித்த பிறகுதான் தான் சிரித்தது அவளுக்குத் தெரிந்தது.

அப்போது ஒரு சுள்ளி பாறைமேல் விழுந்தது. போட்டவன் வேம்புலி.

இப்போது கிழக்குக் கரையே எழுந்தது. "நான் கேட்டேன்!" "என்ன அநியாயம்! ஒரு இனத்தையே இப்படியா?" எல்லாருக்கும் முன்னால் நெடுங்கழுத்தார் வந்தார். குரல் தழுதழுத்தது. "நீர்க்காகங்கள் நம் ரத்தம்! அவங்க நிறத்தைப் பழிக்கிறவன் பறவையே இல்லை!"

மேற்குக் கரை வாயை மூடிக்கொண்டது. ஒரு நாரை மட்டும், "விளையாட்டுக்குச் சொன்னதைப் போய்!" என்று முனகியது.

"மேற்குக் கரையிலிருந்து ஒரு சாட்சி வேணும்" என்றான் வேம்புலி. கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தான். கடைசியில் அவன் கண் அஞ்சலையிடம் வந்து நின்றது.

"அஞ்சலை, நீ முன்னாலதானே இருந்தே? கேட்டியா?"

ஏரியில் சத்தமே இல்லை. கருவேல மரத்தின் உச்சியில் குஞ்சுகள் பசிக்குக் கத்துவது அவளுக்குக் கேட்டது. "கேட்டேன்" என்று சொல்லிவிடலாம். ஒரு வார்த்தைதான். ஆனால் நாளை தேர்தல். சொன்னால் நெடுங்கழுத்தார் அல்லவா தலைவராவார்? கறுப்புமூஞ்சி என்ற அதே நெடுங்கழுத்தார்! அன்றைக்கு வாய் திறக்காத இவனுக்கு இன்றைக்கு நான் ஏன் வாய் திறக்க வேண்டும்? என்ன இருந்தாலும் பைவாயர் நமக்காக அழுதவர். அப்படி ஆயிரம் நினைத்தாள். அவள் நெஞ்சில் எரிந்த நெருப்பு மட்டும் முதல் தடவை எரிந்த அதே நெருப்புதான்.

"காத்து அடிச்சுது அண்ணே" என்றாள். "எனக்குச் சரியா விழலை."

அவளை ஏச வேம்புலிக்கு வாய் ஏது?

மேற்குக் கரை ஆரவாரம் செய்தது. சிறகி வாத்து அவளைக் கட்டிக்கொண்டது. "நீதான்டி உண்மையான கட்சிக்காரி!"

மறுநாள் பைவாயர் வென்றார். அவர் போட்ட முதல் உத்தரவு வெயில் பாறையைப் பற்றியது. அது இனிமேல் தலைவரின் ஆசனம். மரியாதைக்காக எதிர்க்கட்சித் தலைவருக்கும் அதில் ஓர் ஓரம். நெடுங்கழுத்தார் மறுக்கவில்லை. இருவரும் பாறையில் நின்று, மீன் வரத்தைப் பற்றிச் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டார்கள்.

அஞ்சலை பாறையருகே நீந்திப் போனாள். "தலைவரே, சிறகு காயவைக்கணும். குஞ்சுங்க பசியா இருக்கு."

"அதுக்கென்னம்மா, பார்த்துச் செய்யலாம்" என்றார் பைவாயர். "உங்க ஆளுங்களை முதல்ல ஒத்துமையா ஒரு மனு கொண்டுவரச் சொல்லு."

நெடுங்கழுத்தார் வேறு பக்கம் பார்த்தார். அஞ்சலை தன் கரைக்குப் போனாள். "இப்பதானே வந்திருக்கார், அதுக்குள்ள குறை சொல்றியா?" என்றது சிறகி வாத்து. கிழக்குக் கரைக்குப் போனாள். "அன்னைக்குச் சாட்சி சொன்னியா? இன்னைக்கு எதுக்கு வர்றே?" என்று துரத்தினார்கள்.

இரண்டாம் நாள் வேம்புலியின் மனைவி கரையில் சிறகு விரித்தாள். நரி அவளைக் கொண்டுபோய்விட்டது.

மூன்றாம் நாள் உச்சி வெயில். அஞ்சலை கருவேல மரத்தடியில் தண்ணீரில் கிடந்தாள். தொண்டையில் இரண்டு கெண்டை மீன்கள் இருந்தன. சிறகை அடித்தாள். ஈரம் கனத்தது. ஒரு முழம் எழும்பி விழுந்தாள். மறுபடி அடித்தாள். மறுபடி விழுந்தாள். மேலே முதல் நாள் மூன்று குரல் கேட்டது. நேற்று இரண்டு. இன்று ஒன்றுதான், அதுவும் விட்டு விட்டு.

வேம்புலி மெல்ல மிதந்து அவள் பக்கத்தில் வந்தான். அவனாலும் எழும்ப முடியவில்லை.

"அஞ்சலை, அன்னைக்கு நீ கேட்டேதானே?"

"கேட்டேன். நீ?"

"நானும் கேட்டேன்."

அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள அங்கே யாரும் இல்லை. மரத்தின் உச்சியில் அந்த ஒரு குரலும் நின்றுபோயிற்று.

எதிரி சொன்னால் இழிவு, நம்மவர் சொன்னால் வேடிக்கை என்று ஒரே வசையை இரண்டு காதால் கேட்பவருக்கு, கடைசியில் நிற்க ஒரு கல்கூட மிஞ்சாது.