டாப்பெட் சத்தம்

சீடருக்கு வயது ஐம்பத்தொன்பது. குருவுக்கு முப்பத்தாறு. காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற சாலையில், ஒரு கார்ப் பட்டறையில் இது நடந்தது.

சீடர் பெயர் தெய்வசிகாமணி. பாலிடெக்னிக்கில் முப்பத்தொரு வருடம் இன்ஜின் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். கரும்பலகையில் ஆயிரம் இன்ஜினைப் பிரித்து மாட்டியிருக்கிறார். கையில் கிரீஸ் பட்டதில்லை. அந்தக் குறை மனதை அரித்ததால், ஓய்வு பெற்ற மறுமாதமே பூங்கோதையின் பட்டறை வாசலில் போய் நின்றார்.

பூங்கோதையை அந்தப் பக்கத்தில் எல்லாரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். அதிகம் பேசமாட்டார்.

"படிச்சவங்களுக்கு வேலை கத்துக்குடுக்கறது சிரமமுங்க," என்றார். "ஆனா வாங்க."

அன்று முதல் இவர் அவரை மேஸ்திரி என்றார். அவர் இவரை வாத்தியார் என்றார். இதில் யார் யாருக்கு வாத்தியார் என்று எதிர் டீக்கடையில் ஒரு வாரம் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றரை வருடம் ஓடியது. ஒரு காலையில் எண்ணெய் மில் சென்னியப்பன் தன் பழைய பெட்ரோல் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். கார் திணறித் திணறி வாசலில் நின்றது.

"இழுவையே இல்லீங்க அம்மிணி," என்றார். "மேட்டுல ஏறமாட்டேங்குது. எண்ணெய் பாக்காம, தண்ணி பாக்காம ஓட்டிக் கெடுத்துப்போட்டான் மாரப்பன். பதினோரு வருசம் நம்பினேன். நேத்துச் சாவிய வாங்கிட்டேன். நீங்க பாத்து ஒரு வார்த்தை சொல்லுங்க, ஆளை ஒரேயடியா நிறுத்திப்போடறேன்."

"பாத்துட்டுச் சொல்றேனுங்க," என்றார் மேஸ்திரி.

டிரைவர் மாரப்பன் எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வேலை போன மறுநாளும் காக்கிச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். முதலாளி ஆட்டோ ஏறிப் போனதும் சாலையைக் கடந்து வந்தார்.

"தினமும் எண்ணெய்க் கம்பிய இழுத்துப் பாத்துட்டுத்தானுங்க கிளப்புவேன்," என்றார் வாத்தியாரிடம். "நீங்களாவது நம்புங்க. இந்த வயசுக்கு மேல யாருங்க எனக்குச் சாவி குடுப்பாங்க?"

வாத்தியாருக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. அந்தக் காரும் அவருக்குத் தெரிந்த கார்தான். இரண்டு மாதத்துக்கு முன், மேஸ்திரி பல்லடத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில் அது வந்தது. வால்வைத் தட்டித் திறக்கும் டாப்பெட் 'டக் டக்' என்று சத்தம் போடுகிறது, காது கொடுத்துக் கேட்க முடியவில்லை என்றார் சென்னியப்பன். வாத்தியார் தனியாகப் பார்த்த முதல் வேலை அது. சத்தம் நின்றது. சென்னியப்பன் மறுநாள் வந்து அவருக்குச் சால்வை போர்த்திவிட்டுப் போனார். அந்த வட்டாரத்தில் சால்வை வாங்கிய மெக்கானிக் அவர் ஒருவர்தான். பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல் அது பட்டறைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது.

மேஸ்திரி நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றச் சொன்னார். வாத்தியார் அழுத்தம் அளக்கும் கேஜை ஒவ்வொரு துளையிலும் பொருத்த, மேஸ்திரி காருக்குள் உட்கார்ந்து இன்ஜினைச் சுற்றவிட்டார். முதல் சிலிண்டர் நூற்று எழுபது. இரண்டாவது நூற்று அறுபத்தைந்து. நான்காவது நூற்று எழுபது. மூன்றாவதில் முள் அறுபதுக்கு மேல் ஏற மறுத்தது.

"மூணாவதுல கம்ப்ரஷன் போயிருச்சுங்க. பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கும்," என்றார் வாத்தியார். சொன்ன பிறகுதான் உறைத்தது, ரிங் என்றால் எண்ணெய் பார்க்காத குற்றம், மாரப்பன் தலையில் விழும்.

"இருக்குமுங்களா?"

"அப்படித்தான் தெரியுது."

மேஸ்திரி ஒரு கரண்டி எண்ணெயை நீட்டினார். அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. ரிங்கில் சந்து இருந்தால் எண்ணெய் அதைக் கொஞ்ச நேரம் அடைக்கும், முள் ஏறும். வாத்தியார் மூன்றாவது துளையில் எண்ணெய் விட்டு மறுபடி பார்த்தார். அறுபது.

"ரிங் இல்லீங்க," என்றார். சந்தோஷமாகவே சொன்னார். "அப்ப ஹெட் கேஸ்கெட்."

கேஸ்கெட் என்றால் தண்ணீர் பார்க்காமல் சூடாக்கிய குற்றம். அதுவும் மாரப்பனுக்குத்தான். மேஸ்திரி ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாகக் கம்ப்ரஸர் காற்றை ஏற்றினார். கேஸ்கெட் கிழிந்திருந்தால் காற்று தண்ணீருக்குள் புகுந்து குமிழியிடும். இருவரும் ரேடியேட்டருக்குள் குனிந்து பார்த்தார்கள். தண்ணீர் அசையவில்லை. ஒரு குமிழிகூட வரவில்லை.

"காத்து எங்கதாங்க போகுது?" என்று கேட்டார் வாத்தியார்.

"பின்னாடி போய்ப் பாருங்க."

வாத்தியார் காரின் பின்புறம் போய் மண்டியிட்டார். சைலன்சர் குழாயிலிருந்து காற்று சீறி அவர் கன்னத்தில் அடித்தது.

"எக்ஸாஸ்ட் வால்வு," என்றார் எழுந்து. "எரிஞ்சிருக்குது."

"வால்வு எதனாலீங்க எரியும்?"

இது வாத்தியாருக்கு மனப்பாடமான கேள்வி. முப்பத்தொரு வருடம் பரீட்சைக்குக் கொடுத்த கேள்வி. "மூடிக்கிட்டு உக்காந்திருக்கறப்பதான் வால்வு தன்னோட சூட்டைக் கீழ சீட்டுக்கு இறக்கும். முழுசா மூடலைன்னா சூடு இறங்காது. எரியும்."

"எதனால மூடாம போகும்?"

"டாப்பெட்ல இடைவெளி இல்லைன்னா. சூட்டுல வால்வு நீளும். நீள இடமில்லைன்னா..."

அவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

மேஸ்திரி இன்ஜினின் மேல்மூடியைக் கழற்றிவிட்டு, மெல்லிய தகடுகள் அடுக்கிய ஃபீலர் கேஜை அவர் கையில் கொடுத்தார். வாத்தியார் இருப்பதிலேயே மெல்லிய தகட்டை எடுத்தார். தலைமுடி கனம்தான் இருக்கும். மூன்றாவது எக்ஸாஸ்ட் டாப்பெட்டின் கீழே அது நுழையவில்லை.

அவர் தகட்டை மடக்கினார்.

"அன்னிக்கு மொதல்ல புத்தகத்துல இருக்கற அளவுக்குத்தான் வெச்சேன்," என்றார். "மூணாவதுல கொஞ்சம் சத்தம் இருந்துச்சு. மில்லுக்காரரு காதை வெச்சுக் கேட்டுக்கிட்டே பக்கத்துல நின்னாரு. அரைக்கால் சுற்று இறுக்கினேன். இன்னும் கொஞ்சம்னாரு. இன்னும் அரைக்கால் சுற்று இறுக்கினேன். அவரு சிரிச்சாரு."

மேஸ்திரி ஃபீலர் கேஜை வாங்கிப் பெட்டியில் வைத்தார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்களா?"

"வாசல்ல வந்து நின்னப்ப டாப்பெட் சத்தமே கேக்கலீங்க. சரியா வெச்சிருந்தா லேசாக் கேக்கணும். உங்க மேல சந்தேகம் வந்துச்சு."

"அப்புறம் எதுக்குங்க இத்தனை சோதனை?"

"மில்லுக்காரரு மாரப்பன் மேல சந்தேகப்பட்டாரு. நான் உங்க மேல சந்தேகப்பட்டேன். ரெண்டுக்கும் கேஜ் ஒண்ணுதானுங்களே."

மதியத்துக்குள் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட் கீழே இறங்கியது. எரிந்த வால்வின் விளிம்பில், முறுக்கைக் கடித்து வைத்ததுபோல ஓர் ஓரம் இல்லை. மேஸ்திரி புது வால்வையும், பேஸ்ட் டப்பாவையும், ரப்பர் கப்பு வைத்த குச்சியையும் வாத்தியார் முன்னால் வைத்தார். வால்வு சீட்டில் பிசகாமல் உட்காரும்வரை தேய்க்க வேண்டும். குச்சியை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து, மத்தால் தயிர் கடைவதுபோல் முன்னும் பின்னும் உருட்டுகிற வேலை. கை வலிக்கும். யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும்.

வாத்தியார் தேய்த்தார். சாலைக்கு அந்தப் பக்கம் மாரப்பன் அதே பெஞ்சில் இருந்தார். வாத்தியார் அந்தப் பக்கம் பார்க்காமல் தேய்த்தார். அவமானமாக இருந்தது. வாங்கிய சால்வை தலைக்கு மேலேயே தொங்கியது.

ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டார்.

"மேஸ்திரி, வால்வு பழசு, தானா எரிஞ்சு போச்சுன்னு மில்லுக்காரர்கிட்டச் சொன்னா என்னுங்க? மாரப்பனுக்கு வேலை திரும்பக் கிடைச்சிரும். பட்டறைக்கும் பேர் கெடாது. யாருக்கும் நட்டமில்லை."

மேஸ்திரி எழுந்து வந்தார். ஹெட்டைத் திருப்பி வைத்து, வால்வு உட்கார்ந்திருந்த குழியில் மண்ணெண்ணெய் ஊற்றினார். இருவரும் அடியில் இருந்த துவாரத்தைப் பார்த்தபடி இருந்தார்கள். ரொம்ப நேரம் காய்ந்தே இருந்தது. பிறகு ஒரே இடத்தில் ஈரம் கோடாக இறங்கி, ஒரு சொட்டு விழுந்தது.

"இது போதுமுங்களா வாத்தியாரே?" என்று கேட்டார் மேஸ்திரி. "சுத்தி எல்லா இடமும் நல்லா உக்காந்திருக்குது. ஒரு சொட்டுத்தான்."

"போதாதுங்க. அந்த இடத்துல இருந்துதான் மறுபடி எரிய ஆரம்பிக்கும்."

மேஸ்திரி குச்சியை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தன் வேலைக்குப் போனார்.

மறுநாள் சாயங்காலம் கார் தயாரானது. நான்கு சிலிண்டரிலும் முள் நூற்று எழுபதை ஒட்டி நின்றது. சென்னியப்பன் வந்தார். மேஸ்திரி இன்ஜினைக் கிளப்பினார். சீராக ஓடியது. அதோடு, மெல்லிதாக, 'டக் டக்' என்றது.

சென்னியப்பன் முகம் சுளித்தார். "சத்தம் வருதே அம்மிணி. போன தடவை வாத்தியாரு கம்முனு ஓடற மாதிரி வெச்சுக் குடுத்தாரே. அந்த மாதிரி வெக்கச் சொல்லுங்க."

மேஸ்திரி வாத்தியாரைப் பார்க்கவில்லை. துணியில் கை துடைத்துக்கொண்டிருந்தார்.

வாத்தியார் முன்னால் வந்தார். "அன்னிக்குச் சத்தத்தை நிறுத்தணும்னு அளவுக்கு மேல இறுக்கிட்டேனுங்க. வால்வு மூட இடமில்லாம எரிஞ்சு போச்சு. எண்ணெய் சரியா இருந்துச்சு, தண்ணி சரியா இருந்துச்சு. மாரப்பன் மேல ஒரு குத்தமும் இல்லீங்க. வண்டியைக் கெடுத்தது நான்."

சென்னியப்பன் இன்ஜினை நிறுத்திச் சாவியை உருவினார்.

"சால்வையெல்லாம் போட்டேனுங்களே," என்றார்.

வாத்தியார் ஆணியிலிருந்து சால்வையை எடுத்து நீட்டினார்.

"போட்டதைத் திருப்பி வாங்கற பழக்கம் எங்களுக்கு இல்லீங்க," என்று கோபமாகவே சொல்லிவிட்டு, சென்னியப்பன் சாலையைக் கடந்து டீக்கடைக்குப் போனார். அன்றும் அதே பெஞ்சில் இருந்த மாரப்பன் முன்னால் நின்று சாவியை நீட்டினார். மாரப்பன் உடனே வாங்கவில்லை. கையிலிருந்த டீயை நிதானமாகக் குடித்து முடித்தார். டம்ளரை வைத்தார். வாயைத் துடைத்தார். அப்புறம்தான் கை நீட்டினார்.

வந்தவர் முதலில் எண்ணெய்க் கம்பியை இழுத்துப் பார்த்தார். பிறகு முதலாளியை ஏற்றிக்கொண்டு போனார். 'டக் டக்' சத்தம் பெட்ரோல் பங்க் திருப்பம் வரைக்கும் கேட்டது.

வாத்தியார் சால்வையோடு நின்றிருந்தார். மேஸ்திரி அதை வாங்கி, உறையைக் கிழித்து உதறி, அடுத்த காரின் முன்பக்கத்தில் விரித்துப் போட்டார்.

"குனிஞ்சு வேலை செய்யறப்போ சட்டைப் பித்தான் பெயிண்டைக் கீறாதுங்க," என்றார்.

வாத்தியார் தலையசைத்தார். "இனிமே நான் டாப்பெட்டைத் தொடலீங்க மேஸ்திரி. நீங்களே வெச்சிருங்க."

"இல்லீங்க. இனிமே இந்தப் பட்டறையில டாப்பெட் வேலை பூராவும் உங்களுக்குத்தான்."

"எனக்குங்களா? எரிச்சவன்கிட்டயேவா?"

"பின்ன யாருகிட்டங்க குடுக்கறது?" என்றார் மேஸ்திரி. "நான் ஒரு வால்வைக்கூட எரிச்சதில்லீங்களே."