மிளகாய் பஜ்ஜியும் எக்ஸ்எம்எல்லும்

ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் பிரகதீஸ்வரன் என்று ஒரு சீஃப் ஆர்க்கிடெக்ட் இருந்தார். கேன்டீன் கவுன்ட்டர் கம்ப்யூட்டரும் சமையலறைத் திரையும் பேசிக்கொள்ள, புதிதாகச் சேர்ந்த தாட்சாயிணி ஜேசன் என்ற தகவல் வடிவத்தில் சுருக்கமாக ப்ரோகிராம் எழுதியிருந்தாள். பார்த்ததும் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

“தகவல் அனுப்ப எக்ஸ்எம்எல் வடிவம்தான் மரியாதை! ஒவ்வொரு தகவலையும் முன்னாடி பேர் சொல்லித் திறக்கணும், பின்னாடி அதே பேர் சொல்லி மூடணும். நாளைக்குள்ள மொத்தத்தையும் மாத்து!”

“சரிங்க சார்” என்றாள்.

சாயங்காலம் கேன்டீனில் மிளகாய் பஜ்ஜியைக் கடித்தவர், கண்ணில் நீர் முட்ட, “தண்ணி! தண்ணி!” என்று அலறினார்.

தாட்சாயிணி தம்ளரோடு வந்து நின்றாள். “இருங்க சார், மரியாதையா தர்றேன். கோரிக்கை திறப்பு. பானம் திறப்பு. தண்ணி. பானம் மூடல். கோரிக்கை…”

“அம்மா தாயே, ஜேசன்லயே கொடுத்துடு!”

தண்ணீர் உடனே கைக்கு வந்தது. மாற்றி எழுதுகிற பேச்சை அவர் அப்புறம் எடுக்கவே இல்லை.