அடைப்புக்குறி போடாத தனுஷ்கோடி

இது நான் நேரில் பார்த்ததல்ல. எங்கள் தேர்வுப் பிரிவு அலுவலக உதவியாளர் பூமயில் அக்கா சொன்னது. அப்போது நான் வேலையில் சேரவில்லை. கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

அன்று காலை, இயற்பியல், வேதியியல் மாணவர்களில் வருகை எழுபத்தைந்து சதவீதத்துக்குக் குறைந்தவர்களுக்கு மட்டும் ‘தேர்வெழுத முடியாது’ என்று செய்தி போயிருக்க வேண்டும். ஆனால் இயற்பியலில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் போய்விட்டது. பட்டியல் எடுக்கும் குவெரி என்ற கணினிக் கட்டளையை எழுதியவர் பர்வீன், தற்காலிக ஊழியர். மூன்று மணிக்கு விசாரணை. அவருக்கு வேலை நீடிக்குமா என்பது அதில்தான் இருந்தது.

பர்வீன், ‘அல்லது’ என்று பொருள்படும் ‘ஆர்’ போட்டு, ‘இயற்பியல் ஆர் வேதியியல்’ என்பதை அடைப்புக்குறிக்குள் வைத்து, பிறகுதான் ‘மேலும்’ என்று பொருள்படும் ‘ஆண்ட்’ போட்டு வருகையைச் சேர்த்திருந்தார். யாரோ அந்தக் குறியை எடுத்துவிட்டார்கள். குறி இல்லையென்றால் கணினி ‘ஆண்ட்’ என்பதைத்தான் முதலில் பார்க்கும். வருகை நிபந்தனை வேதியியலோடு ஒட்டிக்கொள்ளும். இயற்பியல் மொத்தமாக உள்ளே வந்துவிடும்.

கேண்டீனில் சீனியர் தனுஷ்கோடி வடையைப் பிய்த்தபடி ஆரம்பித்தாராம்.

“அடைப்புக்குறியெல்லாம் பயந்தவங்க போடுறதும்மா. பதினெட்டு வருஷமா நான் ஒண்ணுகூடப் போட்டதில்ல.”

“அதான் தெரியுதே,” என்றார் பூமயில் அக்கா.

“கேளுங்க. ஒரு தடவை நாப்பது ஆர், நாப்பது ஆண்ட் வச்சு ஒரே வரி எழுதினேன். திரை கொள்ளல. மிச்ச வரி சன்னல் வழியா இறங்கி பஸ் ஸ்டாண்டுல போய் நின்னுச்சு.”

“டிக்கெட் எடுத்துச்சா?”

“நக்கலா? என் வரியில ஆண்ட் முந்திப் பாக்கட்டும். ‘ஏய், தனுஷ்கோடி சார் எழுதினது, வரிசையில வா’ன்னு ஆர் அதோட சட்டையப் பிடிச்சு நிறுத்தும். அவ்வளவு ஏன், நான் போடாம மிச்சம் பிடிச்ச குறியை வச்சுத்தான் நம்ம சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கூரையே போட்டாங்க.”

“அது ஒழுகுது சார்.”

பர்வீன் டீயைத் தொடவில்லை. “குறியை யார் எடுத்தாங்கன்னு சிஸ்டத்துல பதிவு இருக்கும் சார். மூணு மணிக்கு அதைப் பிரிண்ட் எடுத்துட்டுத்தான் உள்ள போறேன்.”

“எடும்மா! என் பேரை எழுத சிஸ்டத்துக்குக் கை நடுங்கும். தப்பித் தவறி எழுதினாலும் அதுவே அழிச்சிட்டு, எங்கிட்ட மன்னிப்புக் கேக்கும்.”

வேலையில் சேர்ந்த பிறகு நான் தேடிப் பார்த்தேன். பர்வீனின் பணி நீட்டிப்பு ஆணையில் அன்றைய தேதி இருக்கிறது. பதிவும் அப்படியே இருக்கிறது: காலை 9.42, அடைப்புக்குறி இரண்டு நீக்கம், தனுஷ்கோடி. காரணம் என்ற கட்டத்தை யாரும் நிரப்பியே ஆக வேண்டும் என்பதில்லை. அவர் நிரப்பியிருக்கிறார்: “பார்க்க அசிங்கமாக இருந்தது.”