தளவாய் தாம்பரம் தாண்டிக் குடிபோன கதை

எங்கள் ஊரிலிருந்து பிழைப்புக்காகச் சென்னைக்குப் போனவர்கள் நிறைய. திரும்பி வரும்போது இளைத்திருப்பார்கள், இல்லையென்றால் கொஞ்சம் வெளுத்திருப்பார்கள். தளவாய் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஓர் அடி உயரம் கூடி வருவார். உடம்பு அதேதான். பேச்சுதான் அவரைத் தூக்கிக்கொண்டு வரும்.

தளவாய் என் எதிர்வீட்டு முப்பிடாதியின் அக்காள் புருஷன். கீழப்பாவூர் பஜாரில் செருப்புக்கடை வைத்திருந்தார். அது படுத்துப்போனதும் பெண்டாட்டி உலகம்மாளையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் பொன்மலர் நகர் என்ற இடத்துக்குக் குடிபோனார். போய் மூன்று வருஷம் ஆகிறது. அதற்குள் அவர் சொல்லிச் சொல்லி, சென்னை மாநகரமே பொன்மலர் நகரின் கொல்லைப்புறம் மாதிரி எங்களுக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

போன தை மாதம் முப்பிடாதியின் சின்ன மகளுக்குக் காது குத்து. கோயில் காரியம் முடிந்து எல்லோரும் வீட்டுப் பந்தலில் உட்கார்ந்திருந்தோம். சோறு இன்னும் வடியவில்லை. பசித்த கூட்டம், எழுந்து போக முடியாத கூட்டம். தளவாய்க்கு வேறென்ன வேண்டும். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பந்தலை அண்ணாந்து ஒரு பார்வை பார்த்தார்.

"இதுக்குப் பேரு பந்தலா மாப்ளே? எங்க பக்கம் நாய்க்குட்டிக்குப் பேரு வைக்கிறதுக்கே இதவிடப் பெருசாப் போடுவான்."

முப்பிடாதி சிரித்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பேட்டரிக் கடை வைத்திருக்கிறவன், வெள்ளை மனசுக்காரன். அத்தான் சொன்னால் அவனுக்கு அது அச்சடித்த பேப்பரில் வந்த மாதிரி.

அவனுக்கு நேர்மாறு கொம்பையா அண்ணாச்சி. கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். அரை டிக்கெட் கேட்கிறவனின் மீசையைப் பார்த்துப் பழகிய கண். தளவாய்க்கு எதிரே உட்கார்ந்து, "குடிபோன கதையச் சொல்லும் வே. இங்க பாதிப்பேரு கேட்டதில்ல" என்று எடுத்துக் கொடுத்தார்.

தளவாய் தொடங்கினார். சாமான் அவ்வளவு இருந்ததாம். சாதாரண லாரியெல்லாம் பார்த்த உடனேயே பயந்து ஓடிவிட்டதாம். கடைசியில் ஒரு லாரி வந்தது. அதன் முன்சக்கரம் தாம்பரத்தில் நிற்கும்போது பின்பக்கம் கீழப்பாவூரில் இன்னும் கட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார்களாம்.

"அப்ப நடுவுல மதுரைக்காரன் எப்பிடி ரோட்டத் தாண்டுனான்?" என்று கேட்டார் கொம்பையா.

"குனிஞ்சு தாண்டுனான். நெரிசல் தாங்காம லாரிக்கு அடியிலேயே சிக்னல் போட்டாங்க. சந்தேகம்னா மதுரையில போயி விசாரியும்."

அந்தச் சாமானை ஏற்றிவிட்டவர்களில் நானும் ஒருவன். வந்தது ஒரு குட்டியானை வண்டி. ஒரு கட்டில், ஒரு கிரைண்டர், விற்காமல் மிஞ்சின செருப்பு இரண்டு மூட்டை. பாதி வண்டி காலியாகக் கிடந்ததால் டிரைவர் போகிற வழியில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டார். வாயைத் திறந்து சொல்லியிருப்பேன். விசேஷ வீடு என்று விட்டுவிட்டேன்.

அடுத்து வீடு. ஏழாவது மாடியாம். ஜன்னலைத் திறந்து வைத்தால் மேகம் உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்துவிடுமாம். சென்னையில் தண்ணீர்க் கஷ்டம் என்கிறார்களே என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். தளவாய் அந்தத் திசைக்கே திரும்பவில்லை. அதெல்லாம் தரையில் கிடக்கிறவர்களுக்கு, உலகம்மாள் காலையில் ஒரு மேகத்தைப் பிடித்துப் பிழிந்தால் இரண்டு குடம் நிறையும், ஈரம் போன மேகத்தை உதறித் திரும்பப் பறக்கவிட்டு விடுவோம் என்றார்.

"இங்கன அடிக்கிறதெல்லாம் ஒரு காத்தா?" என்று எங்கள் ஊர்க் காற்றைப் பார்த்து முகம் சுளித்தார். பொன்மலர் நகர்க் காற்றில் ஒருநாள் அவருடைய பனியன் கொடியிலிருந்து பறந்து இலங்கையில் போய் விழுந்ததாம். அங்கே உள்ளவர்கள் அதைத் துவைத்து, இஸ்திரி போட்டு, அடுத்த காற்றில் திருப்பி அனுப்பினார்களாம்.

ஆபீசுக்குப் போவது மின்சார ரயிலில். அதன் வேகத்தைச் சொல்லும்போது அவருக்கே மூச்சு வாங்கியது. "ஒருநாள் அவசரத்துல, ஏறுறதுக்கு முந்தியே எறங்கிட்டேன்."

கொம்பையாவுக்குத் தொழில் புத்தி போகவில்லை. "டிக்கெட் எடுத்தீரா?"

"ஏறவே இல்லயே வே, எதுக்கு டிக்கெட்டு? செக்கரு கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவச்சாரு."

பந்தல் முழுக்கச் சிரிப்பு. பசி கொஞ்சம் மறந்துதான் போயிற்று. தளவாய் இன்னும் சூடாகி, இந்த ஊரில் மனுஷன் இருப்பானா, இங்கே இருக்கிறவனெல்லாம் பிறந்தோம் என்று பேர் பண்ணிக்கொண்டு கிடக்கிறவன் என்று எங்கள் எல்லோரையும் சேர்த்து ஒரே வாளியில் அள்ளிக் கொட்டினார். கடைசியில் முப்பிடாதியின் தோளில் கை போட்டு, "இந்த ஓட்டு வீட்டக் கட்டிக்கிட்டு அழுவுதியே மாப்ளே, அக்கா மாதிரி மேகத்துல வாழ வேண்டாமா?" என்றார்.

முப்பிடாதி அதற்காகவே காத்திருந்தவன் போல நிமிர்ந்து உட்கார்ந்தான். கண் கலங்கியிருந்தது.

"அதத்தான் இன்னைக்குச் சொல்லணும்னு இருந்தேன் அத்தான். வீட்ட வாங்குறதுக்கு ஆளு அமைஞ்சிட்டு. நாளைக்குக் காலைல அட்வான்ஸ் வாங்குதேன். கடையையும் கைமாத்தி விட்டுருதேன். புதன்கிழமை உங்க கூடவே நாங்க நாலு பேரும் வாறோம். தனியா வீடு பாக்குற வரைக்கும் உங்க வீட்டுலயே இருந்துக்கிடுதோம். அவ்வளவு பெரிய வீட்டுல நாலு பேரு ஒரு மூலைக்குக் காணுமா?"

யாரும் சிரிக்கவில்லை. அவன் பெண்டாட்டி சொர்ணம் நடைவாசலில் நின்றிருந்தாள். ஒரு வாரமாக அவள் கண் வீங்கியிருந்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த வீடு முப்பிடாதியின் அப்பா கட்டினது. அவனும் உலகம்மாளும் பிறந்து வளர்ந்த வீடு. கடன் கண்ணி இல்லாமல் அவன் கையில் இருந்தது அது ஒன்றுதான்.

தளவாயின் கை மச்சினன் தோளிலிருந்து மெதுவாக இறங்கியது. வேறு ஆளாக இருந்தால் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருப்பான். இவருக்கு அந்தப் பாதையே தெரியாது. வண்டியை நிறுத்தாமல் அப்படியே எதிர்ப்பக்கம் திருப்பினார்.

வாரது சரிதான், ஆனால் கொசுவை நினைக்க வேண்டும் என்றார். பொன்மலர் நகர்க் கொசு கடிப்பதில்லையாம். கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய் ஊருக்கு வெளியே வைத்து, சொந்தபந்தத்தை எல்லாம் கூப்பிட்டுப் பந்தி போடுமாம். அதனால் அங்கே எல்லோரும் கட்டிலை ஜன்னல் கம்பியில் சங்கிலி போட்டுப் பூட்டித்தான் படுப்பார்களாம்.

"பரவால்ல அத்தான், நம்ம கிட்டயும் சங்கிலி கெடக்கு" என்றான் முப்பிடாதி.

தளவாய் மழையைக் கூப்பிட்டார். அந்த நகரே ஒரு ஏரிக்குள்தான் இருக்கிறதாம். நாலு தூறல் விழுந்தால் ஏரி தன் இடத்தைத் தேடி வந்துவிடுமாம். போன ஐப்பசியில் ஆளுயர விரால் மீன் ஒன்று வீட்டுக்குள் வந்து, சோபாவில் உட்கார்ந்து, இது எங்கள் தாத்தா முட்டையிட்ட இடம், காலி பண்ணு என்று சண்டை பிடித்ததாம்.

கொம்பையா கையைத் தூக்கினார். "செத்த நில்லும். வீடு ஏழாவது மாடி. மீனு எப்பிடி ஏறிச்சு?"

"லிஃப்டுல."

இந்தத் தடவை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. அதில் பாதி ஏளனம், பாதி முப்பிடாதியை நினைத்து வருத்தம். அவன் மட்டும் சிரிக்கவில்லை. அத்தான் கையைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு கஷ்டத்தையும் இத்தனை நாள் மூடி வைத்திருக்கிறீர்களே, இனிமேல் சேர்ந்தே படுவோம், தனியாக விட மாட்டேன் என்றான். நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளாதவனிடம் புளுகுகிறவனுக்கு ஏது தப்பிக்க வழி.

சாம்பார் வாளியோடு உலகம்மாள் வெளியே வந்தாள். வாளியைக் கீழே வைத்தாள். ஊரில் யாரும் அந்த அம்மாளை உரக்கப் பேசிக் கேட்டதில்லை. அன்றைக்கும் உரக்கப் பேசவில்லை.

"தம்பி, வீடு ஏழாவது மாடி இல்ல. கீழ் வீடு. ஒத்த ரூம்பு, நாங்க நாலு பேரும் நீட்டிப் படுத்தா கதவத் தெறக்க முடியாது. இவரு ஆபீசுக்குப் போகல. ஒரு பெரிய ஜவுளிக்கடையில வண்டி நிறுத்துற எடத்துல டோக்கன் கொடுக்காரு. நல்ல வேலதான், அதுல கேவலம் ஒண்ணும் கெடையாது. பிள்ளைக படிக்கு, நாங்க சாப்பிடுதோம். வரணும்னா வா. ஆனா வீட்ட வித்துட்டு வராத. பூட்டிட்டு வா. நீ மட்டும் மொதல்ல வந்து பத்து நாளு இருந்து பாரு."

முப்பிடாதி அக்காளைப் பார்த்தான், அத்தானைப் பார்த்தான். அத்தான் பந்தல் கம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பிடாதி சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு வேப்பமரத்துப் பக்கம் போனான். நாளைக்கு வர வேண்டாம், வீடு கொடுக்கிறதாக இல்லை என்று புரோக்கரிடம் அவன் சொன்னது பந்தல் வரை கேட்டது. சொர்ணம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இலை போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தாள்.

பந்தி உட்கார்ந்தது. தளவாய் பக்கத்தில் உட்கார எல்லோருக்கும் கூச்சமாக இருந்தது. வேறு வழியில்லாமல் ஒரு பக்கம் நானும் ஒரு பக்கம் கொம்பையாவும் உட்கார்ந்தோம். சாம்பார் முடிகிற வரைக்கும் அவர் தலை நிமிரவில்லை. இந்த மனுஷனுக்கு இத்தோடு வாய் அடங்கிவிடும் என்றுதான் நான் நினைத்தேன். ரசம் வந்ததும் நிமிர்ந்தார்.

"ரூம்பு சின்னதுதான் வே, இல்லைன்னு சொல்லல. ஆனா அது இருக்குற தூரம் இருக்கு பாரும், அத எவனாலும் அடிச்சுக்க முடியாது" என்றார் கொம்பையாவிடம்.

நகரம் பெருக்கப் பெருக்க, பொன்மலர் நகர் அதற்கு இடம் விட்டுப் பின்னால் தள்ளிக்கொண்டே போகிறதாம். காலையில் விட்டுவிட்டு வந்த இடத்தில் சாயங்காலம் இருக்காதாம். ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பினவர் போய்க்கொண்டே இருந்தாராம். வழியிலேயே தாடி நெஞ்சு வரைக்கும் வளர்ந்து, முடியெல்லாம் பஞ்சாக நரைத்து, முதுகு கூனிப்போய்த்தான் வீட்டு வாசலை அடைந்தாராம்.

கொம்பையா அவருடைய கருகருவென்ற தலையைப் பார்த்தார். "பெறவு எப்பிடிக் கறுத்துச்சு?"

"மறுநாள் அதே வழியில திரும்பி வந்தேம்லா. போன வயசு பூராவும் திரும்பிட்டு" என்றார் தளவாய். குரல் பழையபடி ஏறிவிட்டது. "ஆனா அன்னைக்கு நான் பட்ட பாடு இருக்கே. கதவத் தட்டுதேன், தட்டுதேன், தெறக்கல. ஜன்னல் வழியா எட்டிப் பாத்துட்டு உள்ள போயிட்டா. கட்டின பெண்டாட்டிக்கே என்னைய அடையாளம் தெரியல வே."

ரச வாளியோடு எங்கள் வரிசைக்கு வந்திருந்த உலகம்மாள், அவர் இலையில் ஒரு கரண்டி ஊற்றினாள்.

"நல்லா அடையாளம் தெரிஞ்சுது. அதான் தெறக்கல" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.