இருதயராஜ் வாங்காத மாத்திரை

புள்ளிவிவரத்துக்குப் பேய் பிடிக்குமா என்று கேட்டால் சிரிப்பீர்கள். சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன். ஆனால் கதை முடியும்போது நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

சென்னையில், மாநில மனநலப் பிரிவின் அலுவலகம். மாவட்டங்களில் எத்தனை பேர் சிகிச்சைக்கு வந்தார்கள், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள் என்ற அறிக்கை ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் அங்கே வந்து சேர வேண்டும். சேராது. சேர்ந்தாலும் பாதிக் கட்டங்கள் காலியாக இருக்கும்.

இதைச் சரிசெய்யப் புள்ளியியல் அலுவலர் அருள்தாஸ் ஒரு கணினி முறையைக் கொண்டுவந்தார். நோயாளி ஒவ்வொருவரின் பெயருக்கு எதிரேயும் ‘வந்தார்’ அல்லது ‘வரவில்லை’ என்று குறிக்க வேண்டும். ‘வந்தார்’ என்றால் வீட்டாரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி போகும்: ‘இம்மாத மாத்திரை பெற்றுக்கொண்டீர்கள். நன்றி.’ ‘வரவில்லை’ என்றால் அந்தப் பெயர் சிவப்பாக மாறும். பதினைந்து நாளுக்குள் நர்ஸ் ஒருவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தாக வேண்டும். காலியாக விட்டால் கணினி அறிக்கையை ஏற்காது.

நல்ல முறைதான். ஆனால் நர்ஸுகள் நொந்துபோனார்கள். ஊசி போடுவதா, கட்டம் நிரப்புவதா? அருள்தாஸ் இரக்கப்பட்டு ஒரு பொத்தானைச் சேர்த்தார்: ‘சென்ற மாதம் போலவே’. அழுத்தினால் எல்லாக் கட்டமும் தானே நிரம்பும். மாறியவற்றை மட்டும் திருத்திக்கொள்ளலாம். திருத்த யாருக்கு நேரம் இருக்கிறது? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

தென் மாவட்டம் ஒன்றில் மனநலப் பிரிவு நர்ஸ் சாரதாமணியின் பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பார்த்துக்கொள்ள அவர் ஒருவர்தான். பிப்ரவரி அறிக்கையிலிருந்து அவர் அந்தப் பொத்தானை மட்டுமே அழுத்தினார். அந்த மாவட்டத்தில் சிகிச்சையைப் பாதியில் விட்டவர் ஒருவர்கூட இல்லை என்று ஆனது. பாராட்டுச் சான்றிதழும் அச்சாகிவிட்டது.

நவம்பரில் ஒரு முற்பகல், லூர்துமேரி என்ற பெண் அந்த மாவட்டத்திலிருந்து பஸ் ஏறிச் சென்னை அலுவலகத்துக்கே வந்தார். அழவில்லை, சண்டை போடவில்லை. கைபேசியை அருள்தாஸின் மேசைமேல் வைத்தார்.

“எங்க அண்ணன் இருதயராஜ், சார். எங்க வந்து மாத்திரை வாங்குதாருன்னு மட்டும் சொல்லுங்க. நானும் ஒருக்கா அங்க வந்து பாத்துக்கிடுதேன்.”

“ஏம்மா, அவர் வீட்ல இல்லையா?”

“மார்ச் மாசமே போயிட்டாரு, சார்.”

எப்படிப் போனார் என்று யாரும் கேட்கவில்லை. லூர்துமேரியே தொடர்ந்தார். “சனவரிக்கு அப்புறம் மாத்திரை வாங்கப் போகல போல, எனக்குத் தெரியாது. மார்ச் மொத வாரம் இந்த மெசேஜ் வந்துச்சு. வாங்கிட்டாருன்னு நம்பி நான் ஒண்ணும் கேக்கல. மறுவாரம் போயிட்டாரு. அதுக்கப்புறமும் எட்டு மெசேஜ் வந்துட்டு, சார்.”

அருள்தாஸ் கணினியைத் திறந்தார். இறந்த பின்னும் எட்டு மாதம், இருதயராஜ் ஒரு மாதம்கூடத் தவறாமல் மருத்துவமனைக்கு வந்திருந்தார். அந்த வாரம் முழுக்க, யாருடைய கைபேசி ஒலித்தாலும் அருள்தாஸ் திடுக்கிட்டார்.

இனி மூன்று பேர் செய்ததைக் கேளுங்கள்.

அருள்தாஸ் அன்றே இருதயராஜின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கினார். “இன்னொரு மெசேஜ் அந்தம்மாவுக்குப் போகக் கூடாது, மேடம்” என்று இணை இயக்குநர் டாக்டர் வசுந்தராவிடம் சொன்னார்.

“பேரை எடுத்தா அதோட நம்ம தப்பும் மறைஞ்சு போயிடும், அருள்” என்றார் வசுந்தரா. ஒன்பது மாத அறிக்கையும் பொய் என்று அரசுக்கு எழுதினார். சான்றிதழை ரத்து செய்தார். பொத்தானையும் எடுக்கச் சொன்னார். தன் பதவி உயர்வு இதோடு போகும் என்று தெரிந்தேதான் கையெழுத்திட்டார்.

சாரதாமணிக்குப் போனில் விஷயத்தைச் சொன்னார்கள். தவறை ஒப்புக்கொண்டு விளக்கம் எழுதச் சொன்னார்கள், எழுதவில்லை. அந்த மாத அறிக்கையையும் அனுப்பவில்லை. நோயாளிகள் கையெழுத்துப் போட்டு மாத்திரை வாங்கும் நோட்டை எடுத்துக்கொண்டார், தன் மருத்துவமனை டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெளியே போனார், நான்கு நாள் வேலைக்கு வரவில்லை. குற்றம் செய்தவளே ஓடிவிட்டாள் என்று அலுவலகம் பேசிக்கொண்டது. மெமோ பறந்தது.

ஒருவர் உயிரோடிருக்கும் தங்கையின் வேதனையை நிறுத்தினார். ஒருவர் உண்மையை ஏட்டில் ஏற்றினார். ஒருவர் நோட்டோடு காணாமல் போனார். இதில் யார் செய்தது சரி? சொல்லிவிட்டுக் கீழே படியுங்கள்.

விடை: சாரதாமணி செய்ததே சரி. அவர் செய்த பாவம் அதனால் கழுவப்படவில்லை. அது வேறு வழக்கு. மற்ற இருவரும் இருதயராஜை நினைத்தார்கள். அந்தப் பொத்தானோ இருதயராஜை மட்டும் தேர்ந்தெடுத்து ‘வந்தார்’ என்று குறிக்கவில்லை. வராதவர் எல்லாரையும் வந்ததாகக் குறித்தது. இறந்தவருக்கான உண்மை ஒரு வாரம் காத்திருக்கும். உயிரோடு வீட்டில் முடங்கியிருப்பவருக்கு அந்த ஒரு வாரம் இல்லாமலும் போகலாம். பொத்தானால் மாத்திரை நோட்டில் கையெழுத்துப் போட முடியாது. சாரதாமணி தேடியபோது, இருதயராஜ் நீங்கலாகப் பத்தொன்பது பெயர்களுக்கு மாதக்கணக்கில் கையெழுத்து இல்லை. பத்தொன்பது வீட்டுக் கதவையும் தட்டினார். இரண்டு வீடுகளில் மாலை போட்ட படம்தான் இருந்தது. பதினேழு பேர் உயிரோடு இருந்தார்கள். கடைசி வீட்டில், தலை வாரிப் பல நாளான ஒரு பெண் கதவைப் பாதி திறந்து அவரைப் பார்த்தார். “நான் வரலைன்னு இப்பத்தான் தெரிஞ்சுதா, சிஸ்டர்?” என்று கேட்டார்.